பிரமோஷன் மறுக்கப்பட்டதற்கு இனமும் நிறமும் காரணம் என்று தோன்றினால்: அமெரிக்காவில் வழக்குக்குப் போவது எப்படி

"எனக்கு அப்புறம் சேர்ந்தவர். நான்தான் வேலையே கற்றுக்கொடுத்தேன். இப்போது எனக்கே மேனேஜர்."

கலிபோர்னியாவில், தொழிலாளர் தரப்பில் மட்டும் வாதாடும் ஒரு சின்ன வக்கீல் அலுவலகத்தில் நான் பாராலீகல், அதாவது வக்கீல்களுக்கு உதவியாளர். முதல் அழைப்பை எடுப்பது என் வேலை. பேசுகிறவர் தமிழர் என்று தெரிந்தால் மற்றவர்களும் என்னிடமே திருப்பிவிடுவார்கள். பெரும்பாலான கதைகள் இந்த மூன்று வாக்கியங்களில்தான் தொடங்கும். நான் வக்கீல் இல்லை. இது உங்கள் வழக்குக்கான சட்ட ஆலோசனையும் இல்லை. வக்கீல் முன்னால் உட்காருவதற்கு முன்பு கையில் என்ன இருக்க வேண்டும், எதைச் செய்துவிடக் கூடாது என்று போனில் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதையைக் கேட்டு முடித்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி: "அந்த பிரமோஷன் வேறொருவருக்குப் போனது உங்களுக்கு எந்தத் தேதியில் தெரிந்தது?" மனசு நொந்து பேசுகிறவரிடம் தேதி கேட்கிறாளே என்று சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். அந்தத் தேதி கைவிட்டுப் போனால் மற்ற எதுவும் உதவாது.

கெடு

1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாவது பகுதி, வழக்கமாக டைட்டில் செவன் என்பார்கள், 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். இனம், நிறம், பூர்வீக நாடு, மதம், பால் ஆகியவற்றைக் காரணமாக வைத்துப் பதவி உயர்வை மறுப்பதை அது தடை செய்கிறது. ஆனால் நேராக நீதிமன்றம் போக முடியாது. முதலில் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில், அதாவது ஈ.ஈ.ஓ.சி.யில், சார்ஜ் எனப்படும் புகார் மனு கொடுத்தாக வேண்டும். அதற்குக் கெடு 180 நாள். உங்கள் மாநிலத்திலோ ஊரிலோ இதே பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் அதை நடத்தும் அமைப்பும் இருந்தால் 300 நாள். பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது.

மாநிலச் சட்டத்தின் கெடு தனிக் கணக்கு. கலிபோர்னியாவில் மாநில அமைப்பிடம் புகார் செய்ய 3 வருஷம் உண்டு. டெக்சாஸில் மாநிலச் சட்டத்தின் கீழ் வழக்கு வேண்டுமென்றால் 180 நாள்தான். மத்திய அரசு ஊழியர்களுக்குப் பாதையே வேறு: 45 நாளுக்குள் தங்கள் துறையின் சம வேலைவாய்ப்பு (ஈ.ஈ.ஓ.) ஆலோசகரைத் தொடர்புகொள்ள வேண்டும். ஒன்றரை மாதம் என்பது யோசித்து முடிப்பதற்குள் ஓடிவிடும்.

இதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. "எச்.ஆரில் புகார் கொடுத்திருக்கிறேன், விசாரிக்கிறார்கள், முடிவு வரட்டும்" என்று காத்திருப்பார்கள். உள் விசாரணை நடப்பதால் இந்தக் கெடு நிற்பதில்லை. யூனியன் மூலம் கொடுக்கும் மனுவுக்கும் இதே கதிதான் என்று உச்ச நீதிமன்றம் 1976லேயே சொல்லிவிட்டது. எச்.ஆர். நல்ல எண்ணத்தோடுதான் இழுக்கிறதா, வேண்டுமென்றே இழுக்கிறதா என்பது இங்கே முக்கியம் இல்லை. இரண்டிலும் நாள் ஒரே வேகத்தில் ஓடும்.

அப்புறம், "ஐந்து வருஷமாக ஒவ்வொரு முறையும் என்னைத் தாண்டிப் போகிறார்கள்" என்பவர்களுக்கு: ஒவ்வொரு மறுப்பும் தனித்தனி நிகழ்வு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு என்று 2002இல் மார்கன் வழக்கில் தீர்ப்பானது. பழையதை ஆதாரமாகக் காட்டலாம், ஆனால் அதற்காக ஈ.ஈ.ஓ.சி. வழியில் பணம் கேட்க முடியாது. கெடுவுக்குள் இருக்கும் ஒரு மறுப்பையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

கெடு போய்விட்டது என்றாலும் போனை வைத்துவிடாதீர்கள். உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு 1866இல் வந்த ஒரு பழைய சட்டம் இருக்கிறது, செக்‌ஷன் 1981 என்று பெயர் (1981 என்பது பிரிவின் எண், ஆண்டு இல்லை). ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமையில் இனப் பாகுபாடு கூடாது என்கிறது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதைச் சுருக்கியது. 1991இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் திருத்தம் கொண்டுவந்து பிரமோஷன் உட்பட வேலை உறவு முழுவதற்கும் அது பொருந்தும்படி விரித்தது. இதற்குப் பொதுவாக 4 வருஷக் கெடு, ஈ.ஈ.ஓ.சி. படியேற வேண்டியதில்லை, 15 ஆள் கணக்கும் இல்லை. ஆனால் 2020இல் வந்த காம்காஸ்ட் தீர்ப்புக்குப் பிறகு, இனம் என்ற ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் அந்த வேலை உங்களுக்குக் கிடைத்திருக்கும் என்று நிரூபித்தாக வேண்டும். டைட்டில் செவனில் அது பல காரணங்களில் ஒரு காரணமாக இருந்தாலே போதும்.

நியாயம் இல்லை என்பது வேறு, சட்ட விரோதம் வேறு

இதைச் சொல்லும்போதுதான் போனின் அந்தப் பக்கம் அமைதியாகிவிடும். மேனேஜர் தன் கல்லூரி நண்பருக்குக் கொடுத்தார், தனக்குச் சாமரம் வீசுகிறவருக்குக் கொடுத்தார் என்றால் அது அநியாயம்தான், ஆனால் இந்தச் சட்டங்கள் அதைக் கேட்காது. அவை கேட்பது ஒன்றே: அந்த முடிவுக்கு உங்கள் இனம் காரணமாக இருந்ததா?

அதை நேரடியாகக் காட்டும் ஆதாரம் கிடைப்பது அபூர்வம். 1996இல் டெக்சாகோ எண்ணெய் நிறுவனத்தின் அதிகாரிகள் பேசியது ஒலிநாடாவில் வெளியே வந்து, கறுப்பின ஊழியர்கள் பதவி உயர்வு தொடர்பாகத் தொடுத்திருந்த வழக்கு சில வாரங்களிலேயே ஏறக்குறைய 176 மில்லியன் டாலருக்கு முடிந்தது. அப்படி ஒரு நாடா உங்களுக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதனால்தான் 1973இல் மெக்டொனல் டக்ளஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழிமுறை வகுத்தது. பெர்சி கிரீன் என்ற கறுப்பின மெக்கானிக் தொடுத்த வழக்கு அது. பிரமோஷனுக்குப் பொருத்திச் சொன்னால் இப்படி வரும்: அந்தப் பதவிக்குத் தகுதி இருந்தது, விண்ணப்பித்தேன், மறுத்தார்கள், வேறு இனத்தைச் சேர்ந்தவருக்குக் கொடுத்தார்கள் அல்லது தொடர்ந்து ஆள் தேடினார்கள். இதைக் காட்டினால் நிறுவனம் ஒரு காரணம் சொல்ல வேண்டும். சொல்வது அவர்களுக்கு எளிது. அந்தக் காரணம் வெறும் சாக்கு என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. வழக்கின் உயிரே இந்தக் கடைசிப் படியில்தான் இருக்கிறது.

"விண்ணப்பித்தேன்" என்ற இடத்தைக் கவனியுங்கள். பல நிறுவனங்களில் பதவி அறிவிக்கப்படுவதே இல்லை. ஒரு நாள் காலையில் வாழ்த்துச் செய்தி வரும், அவ்வளவுதான். அறிவிப்பே இல்லாவிட்டால் விண்ணப்பிக்காததை நீதிமன்றங்கள் பெரும்பாலும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் இன்றைக்கே மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு வையுங்கள்: அடுத்த நிலைக்குப் போக விருப்பம், எந்த இடம் காலியானாலும் என்னைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள். நம் ஆட்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். நல்ல வேலை செய்தால் தானாகத் தெரியும் என்பார்கள். பின்னால் நிறுவனத்தின் வக்கீல் முதலில் சொல்வது, "இவர் ஆர்வம் காட்டவே இல்லை" என்பதுதான்.

ஒரு பக்கம் எழுதுங்கள், ஒரே ஒரு பக்கம்

சிலர் 60 பக்கத்துக்கு எழுதி அனுப்புவார்கள். யார் காபி வாங்கப் போகும்போது கூப்பிடவில்லை, யார் வணக்கம் சொல்லவில்லை, எல்லாம் இருக்கும். பிரமோஷன் 41ஆம் பக்கத்தில் ஒளிந்திருக்கும். நான் கேட்பது ஒரு பக்கம்தான்.

எந்தப் பதவி, எந்தக் குழு, அறிவித்தது எப்போது, முடிவு உங்களுக்குத் தெரிந்தது எப்போது. யார் முடிவு செய்தார்கள். கையெழுத்திட்டவர் மட்டும் இல்லை, பரிந்துரை செய்தவரும்தான். பாகுபாடு மனத்தில் வைத்திருக்கும் கீழ்நிலை மேலாளர் தவறான மதிப்பீடு கொடுத்து, மேலே இருப்பவர் அதை அப்படியே நம்பிக் கையெழுத்து போட்டாலும் நிறுவனம் தப்ப முடியாது என்பதற்கு 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. அடுத்து, யாருக்குக் கொடுத்தார்கள்: அவருடைய அனுபவம், படிப்பு, அந்த நிறுவனத்தில் இருந்த காலம், கடைசி மதிப்பீடு தெரிந்தால் அதுவும். லிங்க்ட்இனில் பாதி கிடைத்துவிடும். அவர் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள், பின்னால் மாற்றிவிடுவார்கள். பக்கத்திலேயே உங்களுடைய அதே விவரங்கள். கடைசியாக, உங்களுக்குச் சொன்ன காரணம். யார் சொன்னார், எப்போது, அவர் வாயிலிருந்து வந்த அதே வார்த்தையில்.

காரணத்தை ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் கேளுங்கள். சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல், "அடுத்த முறைக்கு என்னைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும், எதில் குறை?" என்று மேனேஜரிடம் ஒரு முறை, எச்.ஆரிடம் ஒரு முறை. மேனேஜர் "அனுபவம் போதாது" என்பார், எச்.ஆர். "தலைமைப் பண்பு" என்பார், ஈ.ஈ.ஓ.சி.க்கு எழுதும் பதிலில் "பட்ஜெட்" என்று வரும். காரணம் ஆளுக்கு ஆள் மாறுவது சாக்குக்கான நல்ல அறிகுறிகளில் ஒன்று. தங்கள் விதியைத் தாங்களே மீறுவதும் அப்படித்தான்: மூன்று பேர் குழு நேர்முகம் நடத்த வேண்டும் என்று கையேட்டில் இருக்கும், ஒருவரே முடித்திருப்பார். பட்டப்படிப்பு கட்டாயம் என்று அறிவிப்பில் இருக்கும், தேர்வானவருக்கு அது இருக்காது.

ஒப்பிட எடுக்கும் ஆளையும் பார்த்து எடுக்க வேண்டும். வேறு மாநிலத்தில், வேறு துறையில், வேறு மேலாளரின் கீழ் உயர்வு பெற்றவரைக் காட்டினால் நீதிமன்றம் அசையாது. அதே முடிவெடுப்பவர், அதே நிலை, ஏறக்குறைய அதே காலம். அந்த மேலாளரின் கீழ் கடந்த சில வருஷங்களில் மேலே போனவர்கள் யார், தகுதியிருந்தும் போகாதவர்கள் யார் என்ற பட்டியல், 60 பக்கப் புலம்பலைவிட மேல்.

"கம்யூனிகேஷன் போதாது"

தெற்காசியர்கள் வழக்கில் இந்தக் காரணம் வராமல் இருப்பதில்லை. பத்து வருஷம் வாடிக்கையாளரோடு பேசி, மாநாட்டில் உரையாற்றி, பயிற்சியும் கொடுத்தவருக்கு பிரமோஷன் என்று வந்ததும் பேச்சு சரியில்லாமல் போய்விடும். உச்சரிப்பு பூர்வீக நாட்டோடு ஒட்டியது என்பதால், அதை வைத்து மறுப்பதை நீதிமன்றங்கள் உன்னிப்பாகப் பார்க்கும். ஆனால் இது இரு பக்கமும் போகும். 1984இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ ஆய்வகத்தில் மேற்பார்வையாளராக இருந்த பிலிப்பைன்ஸ்காரர் கரினோ, உச்சரிப்பைக் காரணமாக்கித் தன்னைக் கீழிறக்கியதாகத் தொடுத்த வழக்கில் ஜெயித்தார். அவர் பேச்சு வேலையைப் பாதிக்கவில்லை என்று பட்டது. 1989இல் ஹொனலூலுவில் அதே பிலிப்பைன்ஸ் நாட்டைச் சேர்ந்த ஃப்ரகாண்டே தோற்றார். எழுத்துத் தேர்வில் முதலிடம் வாங்கியிருந்தார். ஆனால் அந்த வேலை நாள் முழுக்கக் கவுன்டரில் பொதுமக்களோடு பேசுவது என்பதால் நகர நிர்வாகத்தின் பக்கம் தீர்ப்பானது. ஹொனலூலு தீர்ப்பை நான் ஒப்புக்கொள்வதில்லை, அது என் சொந்தக் கருத்து. ஆனால் அதை மனத்தில் வைத்துத்தான் ஆதாரம் சேர்க்க வேண்டும்.

ஆகவே உங்கள் பேச்சை, எழுத்தைப் பாராட்டிய மதிப்பீடுகள், வாடிக்கையாளர் மின்னஞ்சல்கள், நீங்கள் நடத்திய கூட்டங்களின் அழைப்புகள் இவற்றைத் தேதியோடு குறித்து வையுங்கள். கேட்கவும் செய்யுங்கள்: "எந்தக் கூட்டத்தில் நான் பேசியது புரியவில்லை?" பெரும்பாலும் பதில் வராது. கேள்வி எழுத்தில் இருக்கட்டும்.

ஆதாரம் என்றதும் சிலர் ஒரே இரவில் கம்பெனி சர்வரை முழுதாகத் தன் ஜிமெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். 1995ஆம் ஆண்டு மெக்கென்னன் வழக்கில், ஒரு பெண் ஊழியர் ரகசிய ஆவணங்களைப் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனது பின்னால் தெரியவந்தது. வழக்கு பிழைத்தது, ஆனால் அது தெரிந்த நாளோடு சம்பள பாக்கி பொதுவாக நின்றுபோகும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்கே வந்த மதிப்பீடு, உங்களுக்கே வந்த நிராகரிப்புக் கடிதம் போன்றவை சரி. மற்றவை எங்கே இருக்கின்றன என்று மட்டும் எழுதி வையுங்கள். வழக்கு தொடங்கியதும் எதிர்த்தரப்பிடம் ஆவணங்களைக் கேட்டுப் பெறும் கட்டத்தில், அதாவது டிஸ்கவரியில், வாங்கலாம். பேச்சைப் பதிவு செய்வதும் இப்படித்தான். டெக்சாஸ், நியூயார்க், நியூ ஜெர்சியில் பேசுகிறவர்களில் ஒருவர் சம்மதம் போதும், அது நீங்களாகவே இருக்கலாம். கலிபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் தனிப்பட்ட உரையாடலுக்கு எல்லோர் சம்மதமும் வேண்டும், மீறினால் குற்றம். நல்ல ஆதாரம் கிடைத்துவிட்டது என்று ஒருவர் பெருமையாகப் போட்டுக் காட்டும் பதிவு, சில நேரம் அவருக்கே வினையாக முடியும்.

எச்.ஆருக்கு எழுதும் கடிதம்

எச்.ஆர். புகார் கெடுவை நிறுத்தாது என்றேன். அதற்காக எழுத வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. எழுதினால் ஒரு பாதுகாப்பு வருகிறது: பாகுபாட்டை எதிர்த்ததற்காகப் பழிவாங்கினால் அது தனிக் குற்றச்சாட்டு. ஆனால் "என்னை நியாயமாக நடத்தவில்லை" என்று பொதுவாக எழுதினால் அந்தப் பாதுகாப்பு வராது. இனம் என்ற சொல் கடிதத்தில் இருக்க வேண்டும். இந்த அளவு போதும்:

"இன்ன தேதியில் அறிவிக்கப்பட்ட இன்ன பதவிக்கு நான் தேர்வாகவில்லை. தேர்வானவரைவிட எனக்கு இன்ன அனுபவமும் இன்ன தகுதியும் கூடுதலாக உள்ளன. என் இனம், நிறம், பூர்வீக நாடு காரணமாகவே நான் தவிர்க்கப்பட்டேன் என்று நம்புகிறேன். இதை விசாரித்து எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

பெயரடைகள் வேண்டாம், மேலாளரின் குணச்சித்திரம் வேண்டாம், ராஜினாமா மிரட்டல் வேண்டவே வேண்டாம். அனுப்பிய பிறகு திடீரென்று மதிப்பீடு இறங்கினால், நல்ல புராஜெக்ட் பறிபோனால், தேதியோடு குறியுங்கள். பழிவாங்கல் என்பது வேலைநீக்கம் மட்டும் இல்லை. நியாயமான ஊழியரைப் புகார் செய்யத் தயங்க வைக்கும் எதுவும் அதில் சேரும் என்று 2006ஆம் ஆண்டு பர்லிங்டன் நார்தர்ன் தீர்ப்பு சொல்கிறது. பல வழக்குகளில் மூலப் புகாரைவிடப் பழிவாங்கல் புகார்தான் வலுவாக நிற்கும்.

ஈ.ஈ.ஓ.சி.யில்

கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. அவர்களுடைய இணைய போர்ட்டலில் முதலில் விசாரணைக் கோரிக்கை பதிய வேண்டும், அப்புறம் நேர்காணல், அதற்குப் பிறகுதான் சார்ஜ் எழுதிக் கையெழுத்து. கோரிக்கை பதிந்தாலே சார்ஜ் ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நேர்காணலுக்கு இடம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். கெடுவுக்கு 60 நாளுக்குள் இருந்தால் போர்ட்டலே தனி வழி காட்டும், அதைப் பின்பற்றுங்கள்.

சார்ஜில் பெட்டிகள் இருக்கும். இனம், நிறம், பூர்வீக நாடு என்ற மூன்றும் பொருந்தினால் மூன்றையும் குறியுங்கள். நாம் இந்தியர், அது நாடுதானே என்று ஒன்றை மட்டும் குறிப்பவர்கள் உண்டு. செக்‌ஷன் 1981 பிறந்த நாட்டை மட்டும் வைத்துச் செய்யும் பாகுபாட்டுக்குப் பொருந்தாது. வம்சம், இன அடையாளம் என்றால் பொருந்தும். ஈராக்கில் பிறந்த அரபுப் பேராசிரியர் ஒருவருக்கு நிரந்தரப் பணி மறுக்கப்பட்ட வழக்கில் 1987இல் உச்ச நீதிமன்றம் இந்த எல்லையைப் போட்டது. பழிவாங்கல் நடந்திருந்தால் அந்தப் பெட்டியும். சார்ஜில் தொடாத விஷயத்தைப் பின்னால் நீதிமன்றத்தில் புதிதாக எழுப்புவது கஷ்டம். மாநில அமைப்புக்கும் சேர்த்தே பதிவு செய்யும்படி கேளுங்கள்.

முடிவெடுத்தவரும் இந்தியர் என்றால் வழக்கே இல்லையா என்று கேட்பார்கள். ஒரே இனத்தவர் என்பதால் பாகுபாடு இருக்க முடியாது என்று சட்டம் கருதுவதில்லை. ஆனால் அடியில் இருப்பது ஜாதி என்றால் தளம் இன்னும் உறுதியாகவில்லை. சியாட்டில் நகரம் 2023இல் ஜாதியைச் சட்டத்தில் பெயர் சொல்லிச் சேர்த்தது. கலிபோர்னியாவில் அதே ஆண்டு சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். இதற்கு ஜாதி வழக்கு தெரிந்த வக்கீலைத் தேடுங்கள்.

சார்ஜ் போட்ட 10 நாளுக்குள் நிறுவனத்துக்குத் தகவல் போகும். சீக்கிரம் போடுவதில் ஒரு லாபம்: பிரமோஷன் தொடர்பான ஆவணங்களை நிறுவனங்கள் பொதுவாக ஒரு வருஷம்தான் வைத்திருக்க வேண்டும். சார்ஜ் வந்துவிட்டால் வழக்கு முடியும் வரை அழிக்கக் கூடாது.

பிறகு சமரசத்துக்கு அழைப்பு வரலாம். இலவசம், ரகசியம், இரு தரப்பும் சம்மதித்தால்தான் நடக்கும். என்னைக் கேட்டால், போங்கள். பணத்தோடு, அடுத்த காலியிடத்தில் நியமனம், வேறு மேலாளர், மதிப்பீட்டைத் திருத்துவது என்று நீதிமன்றத்தில் எளிதில் கிடைக்காதவையும் அங்கே கிடைக்கும். சமரசம் நடக்காவிட்டால் நிறுவனம் பதில் அறிக்கை கொடுக்கும். அதன் பிரதியைக் கேட்டு வாங்கி உங்கள் ஒரு பக்கத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு மறுப்பு எழுதுங்கள். புதிய காரணம் முளைத்திருந்தால் அங்கேதான் தெரியும்.

பெரும்பாலான சார்ஜ்கள் ஆணையம் எந்த முடிவும் சொல்லாமலே மூடப்படும். வழக்கு தொடரும் உரிமையைத் தரும் கடிதம் மட்டும் வரும். அதைப் பார்த்துவிட்டுத் தோற்றுவிட்டோம் என்று அழுதவர்களை நான் போனில் தேற்றியிருக்கிறேன். குற்றச்சாட்டில் சாரம் இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. அந்தக் கடிதத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். சார்ஜ் போட்டு 180 நாள் ஆகிவிட்டால் நீங்களே அந்தக் கடிதத்தைக் கேட்கலாம். வந்த பிறகு 90 நாள். நாள் கணக்கைக் கடிதத்தின் தேதியிலிருந்தே எண்ணுங்கள், மின்னஞ்சலை எப்போது திறந்தீர்கள் என்பதிலிருந்து வேண்டாம்.

விசா

டைட்டில் செவன் உங்கள் விசாவைப் பார்ப்பதில்லை; எச்-1பி வேலை விசாவில் இருப்பவரும் புகார் செய்யலாம். ஆனால் சட்டம் பாதுகாக்கிறது என்பதும் நாளைக்குச் சமாளிக்க முடியும் என்பதும் வேறு. வேலை போனால் பொதுவாக அதிகபட்சம் 60 நாள் அவகாசம். பழிவாங்கல் வழக்கு அதற்குள் முடியாது. அதனால் சார்ஜுக்கு முன்பே ஒரு குடிவரவு வக்கீலிடம், உங்கள் நிறுவனத்தின் வக்கீலிடம் இல்லை, தனியாகப் பணம் கொடுத்துப் பேசுங்கள்: கிரீன் கார்டு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 மனு அனுமதி ஆகிவிட்டதா, வேறு நிறுவனத்துக்கு மாற முடியுமா.

"பதவி உயர்த்தினால் உங்கள் கிரீன் கார்டு பாதிக்கும்" என்று சொல்லி மறுப்பதும் நடக்கிறது. வேலையின் தன்மை நிறைய மாறினால் பெர்ம் மனுவை (கிரீன் கார்டின் முதல் படியாக நிறுவனம் வாங்கும் தொழிலாளர் சான்று) புதிதாகத் தொடங்க வேண்டி வரலாம் என்பது உண்மையே. ஆனால் அதே கட்டத்தில் இருந்த வேறொருவருக்கு அதே குழுவில் உயர்வு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

வக்கீல், நீதிமன்றம், பணம்

தொழிலாளர் தரப்பு வக்கீல்கள் பலர் ஜெயித்தால் பங்கு என்ற முறையில் எடுப்பார்கள். மூன்றில் ஒன்றிலிருந்து 40 சதவீதம் வரை கேட்பது வழக்கம். தேசிய வேலைவாய்ப்பு வக்கீல்கள் சங்கத்தின் தேடல் பக்கத்திலும் உங்கள் மாநில வக்கீல் சங்கத்திலும் பெயர்கள் கிடைக்கும். ஜெயித்தால் எதிர்த்தரப்பு உங்கள் வக்கீல் கட்டணத்தைத் தரும்படி கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. சேரும்போது கையெழுத்திட்ட தாள்களில் ஆர்பிட்ரேஷன் பிரிவு (தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே தனி நடுவரிடம் தீர்க்க வேண்டும் என்பது) இருக்கிறதா என்று தேடி எடுத்துப் போங்கள். இருந்தால் ஜூரி கிடைக்காது, ஆனால் ஈ.ஈ.ஓ.சி.யில் சார்ஜ் போடுவதை அது தடுக்காது.

கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் பதியக் கட்டணம் 405 டாலர். அது சின்னச் செலவு. பெரிய செலவு காலமும் மன உளைச்சலும். டெபாசிஷனில், அதாவது நீதிமன்ற விசாரணைக்கு முன்பே எடுக்கும் வாக்குமூலத்தில், ஒரு நாளில் ஏழு மணி நேரம் வரை எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி கேட்கலாம். மனநல ஆலோசகரிடம் போனீர்களா, அங்கே என்ன சொன்னீர்கள் என்பதுவரை வரும். இரண்டு வருஷம் இழுப்பது சாதாரணம். நிறைய வழக்குகள் ஜூரி முன்னால் போவதற்கு முன்பே நீதிபதியால் முடிக்கப்படும்.

கணக்கைப் பார்ப்போம். பிரமோஷனால் கூடியிருக்க வேண்டிய சம்பளம், போனஸ், பங்குகள் சேர்த்து வருஷத்துக்கு 25,000 டாலர் என்று வையுங்கள். மூன்று வருஷத்தில் 75,000. இதற்கு உச்சவரம்பு இல்லை. மன வேதனைக்கும் தண்டனையாகவும் தரும் தொகைக்கு டைட்டில் செவன் வரம்பு வைக்கிறது: 100 பேர் வரை உள்ள நிறுவனத்துக்கு 50,000, 200 பேர் வரை 1,00,000, 500 பேர் வரை 2,00,000, அதற்கு மேல் 3,00,000 டாலர். 1991க்குப் பிறகு இந்த வரம்பு உயரவே இல்லை. செக்‌ஷன் 1981க்கும் கலிபோர்னியா சட்டத்துக்கும் இந்த வரம்பு கிடையாது. அதனால்தான் வக்கீல்கள் எல்லாவற்றையும் சேர்த்தே போடுவார்கள்.

கோபத்தில் ராஜினாமா செய்யாதீர்கள். பிரமோஷன் கிடைக்காததற்காக வேலையை விட்டால் அதைக் கட்டாய வெளியேற்றமாக நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை. சம்பள வித்தியாசத்தின் கணக்கும் அன்றோடு நின்றுவிடக்கூடும். வேறு வேலை கிடைத்தால் போகலாம், ஆனால் வக்கீலிடம் பேசிவிட்டு.

சமரச ஒப்பந்தம் வந்தால் முதல் பக்கத் தொகையைவிடப் பின்பக்கங்களை மெதுவாகப் படியுங்கள். வெளியே கேட்டால் உங்களைப் பற்றி என்ன சொல்வார்கள், திரும்ப அங்கே விண்ணப்பிக்கத் தடை இருக்கிறதா (கலிபோர்னியாவில் புகார் செய்தவருக்கு அப்படித் தடை போடுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை), நடந்ததைப் பேசவே கூடாது என்கிறதா, தொகையை மட்டும் சொல்லக் கூடாது என்கிறதா. அப்புறம் வரி: சம்பள பாக்கி டபிள்யூ-2 என்ற சம்பள வரிப் படிவத்தில் வரும், மன வேதனைக்கான பணம் 1099 என்ற இதர வருமானப் படிவத்தில் வரும், உடல் காயம் இல்லாத வழக்கில் இரண்டுக்குமே வருமான வரி உண்டு. எந்தத் தொகை எந்தப் படிவத்தில் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். கையெழுத்து போடுவதற்கு முன்பே உங்கள் கணக்காளரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிவிடுங்கள்.